ரோசம்மா வீட்டு மாடியில் சாம்பிராணிப் புகை

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா என்று கேட்கிறேன்.

போன வாரம் ரொட்டியைப் பற்றிப் பேசும்போது, "நான் பிரான்சில் தின்ற ரொட்டி" என்று வாய் தவறி ஒரு வார்த்தை விட்டேன். அவ்வளவுதான். கோயிலில் நிம்மதியாகச் சாமி கும்பிட விடவில்லை. புக்கிட் பாருவிலிருந்து ஒரு அம்மா, மகனுடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து, என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா பாட்டி? நீங்களா? பிரான்சுக்கா?" என்கிறாள். ஏன், நான் போனால் அந்த ஊர் கதவைச் சாத்திக்கொள்ளுமா? மூன்றாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரைக் கண்டு ஓடியவள் கப்பல் ஏறக் கூடாது என்று சட்டமா?

அடுத்த வீட்டுக் கதையில் இவ்வளவு ஆசை வைக்கக் கூடாது. நான் சொல்வேன், அது வேறு. நீங்கள் கேட்கிறீர்களே, அதைத்தான் தப்பு என்கிறேன்.

சரி, கேட்டாகிவிட்டது. உட்காருங்கள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் யாரும் பேசக் கூடாது.

கூடை மேல் பிள்ளை

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வெளியே கூரையெல்லாம் வெள்ளை. ரோசம்மா வீட்டு மாடி, அதில் எங்கள் அறை.

தரையில் ஒரு இரும்புச் சட்டி, சட்டியில் தணல். அதன் மேல் கவிழ்த்த பிரம்புக் கூடை. கூடை மேல் நான்காக மடித்த துண்டு. துண்டு மேல் என் மகன் கண்ணன். ஒரு வயது நிரம்பவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு பளபளக்க, குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். சாம்பிராணிப் புகை கூடையின் கண் வழியாக எழும்பி அவன் தலைமுடிக்குள் புகுந்து, திறந்த ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது. நான் பக்கத்தில் குந்தி, ஒரு கையால் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூத்தவள் ராணிக்குச் சளி, பள்ளிக்கூடம் போகவில்லை. கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கிறாள்.

தட்டாமல் கொள்ளாமல் கதவு திறந்தது.

வாசலில் கீழ்வீட்டு ரோசம்மா. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு கவுன். கையில் தண்ணீர் தளும்பும் வாளி. அவள் என்னைப் பார்க்கவில்லை. தணலைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். கூடை மேல் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

பெற்ற பிள்ளையை வாட்டித் தின்னப் போகிறாள் என்று நினைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் வேறு தடவி வைத்திருந்தேன்.

வாளி அப்படியே நிற்கட்டும். நாங்கள் அந்த மாடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

வெள்ளைக்காரன் மூட்டை

ராணி அப்பா, அதாவது என் வீட்டுக்காரர், ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தாத் தோட்டத்துத் துரைக்குச் சமையல்காரர். பேரைச் சொல்லமாட்டேன், இத்தனை வருஷம் சொன்னதில்லை, உங்களுக்காக இன்றைக்கு ஆரம்பிக்க முடியாது. துரை அவரைக் 'குக்கி' என்று கூப்பிடுவார். நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் என் மாமியாரோடு இருந்தோம். அவர் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வருவார்.

அந்தத் துரை இங்கிலீஷ்காரர் இல்லை, பிரெஞ்சுக்காரர். வெள்ளையில் இத்தனை வகை இருப்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கோபம் வந்தால் இங்கிலீஷில் திட்டுவார். ரொம்பக் கோபம் வந்தால் சொந்த பாஷையில் திட்டுவார். சாப்பிட்டு முடித்தால் எந்த பாஷையிலும் திட்டமாட்டார். அப்படி ஒரு கைப்பக்குவம் எங்கள் வீட்டுக்காரருக்கு.

மெர்டேகா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். தெருவெல்லாம் கொடி, பிள்ளைகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் துரை தோட்டத்தை ஒரு தவ்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், விற்றுவிட்டார். தவ்கே தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போவதாகப் பேச்சு. அவருக்குச் சமையல்காரர் தேவையில்லை, சாப்பாடு வீட்டிலிருந்து வந்துவிடும். இவர் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான் துரை சொல்லி அனுப்பினார், "குக்கி, நீ என்னோடு வா. குடும்பத்தோடு வா."

விஷயம் எதிர்வீட்டு சரோஜாவுக்கு எட்டியது. சரோஜாவின் வாய் அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு ரேடியோ.

"ஏன் அஞ்சல, வெள்ளக்காரன் எல்லாம் மூட்ட கட்டிக்கிட்டு நாட்ட விட்டுப் போறான். நீ என்னடான்னா அவன் மூட்டைக்குள்ளயே ஏறி உக்காந்துக்கிட்டுப் போற. வெக்கமா இல்ல?"

"மூட்டையில இன்னும் எடம் இருக்கு சரோஜா. நீயும் வா. நடுக்கடல்ல எறக்கிவிடச் சொல்றேன்."

பக்கத்து வீட்டு மீனாச்சி அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவள் மலாக்காச் செட்டிப் பெண், எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊரோடு கலந்துபோன வம்சம். அவர்கள் சாமியும் நம் சாமிதான், பூமாலையை நம்மைப் போலவே கட்டுவார்கள், பேச்செல்லாம் மலாய். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதுகூட மலாயில்தான். புறப்படும் அன்று அவள் பூப்போட்ட ஒரு பழைய பாத்தேக் துணியில் சாம்பிராணிக் கட்டி ஒன்றை முடிந்து கொண்டுவந்தாள். தேங்காய் அளவு இருக்கும். என் கையில் வைத்து, கையையும் சேர்த்து மூடினாள்.

அங்கே குளிராமே, பிள்ளைகள் தலையில் ஈரம் நிற்கக் கூடாது, எண்ணெய் தேய்த்தால் புகை போடாமல் விடாதே என்று மலாயில் சொல்லிவிட்டு, படி இறங்கும்போது திரும்பி, "ஜங்ஙான் லுப்பா" என்றாள். மறந்துவிடாதே.

கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், நான் வாளியைப் பார்த்தேன். சூயஸ் என்றார்கள், தலையைத் தூக்கினேன், மறுபடி வாளி.

குளிர்காலம் மட்டும்

அந்த ஊர்ப் பேர் என் வாயில் இன்றுவரை நிற்கவில்லை. ஒரு ஆறு, ஒரு மாதா கோயில், ஏறிக்கொண்டே போகும் ஒரு தெரு. தெருவின் மேல் முனையில் துரை வீடு. நடுவில் ரோசம்மா வீடு. அவளுக்கு முழுப் பேர் ரயில் நீளத்துக்கு இருந்தது. முன்பகுதி ரோஸ் என்று பிடிபட்டது. மீதியை விட்டுவிட்டு நான் ரோசம்மா ஆக்கிக்கொண்டேன்.

புருஷன் உலகச் சண்டையில் இறந்துபோனவள். பிள்ளை இல்லை. கீழே அவள், மேலே காலி. துரை எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் நிறுத்தினார். அவள் கீழிருந்து மேலாக எங்களைப் பார்த்தாள். என் காலில் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர்ச் செருப்பு, மேலே சேலை, அதற்கு மேல் வீட்டுக்காரருடைய கம்பளிச் சட்டை, இடுப்பில் கண்ணன், கையில் ராணி. கண்காட்சிக்கு நாங்கள் போன மாதிரி இல்லை, கண்காட்சி எங்களோடு வந்த மாதிரி இருந்தது.

நீளமாக என்னவோ சொன்னாள். துரை அதைச் சுருக்கினார். வீட்டுக்காரர் அதை இன்னும் சுருக்கினார்.

"குளிர்காலம் முடியற வரைக்கும் மட்டும் இருக்கலாமாம். அதுக்குள்ள தெருவுல யாராச்சும் ஒரு கொற சொன்னா அன்னிக்கே வெளிய."

"வெளிய போனா வேற வீடு?"

"தொர எல்லா எடத்துலயும் கேட்டுப் பாத்துட்டாரு. யாரும் குடுக்கல. இவங்க அனுப்பிட்டா நாம கப்பல்ல ஏற வேண்டியதுதான்."

"ஏறுவோம். ஏறி நம்ம ஊருக்குப் போவோம்."

அவர் என்னைப் பார்த்தார். "போயி? அங்க எனக்குன்னு எந்த அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருக்கு அஞ்சல?"

நான் கண்ணனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

விரல் நுனியில் குடித்தனம்

அன்றிலிருந்து எங்கள் குடித்தனம் விரல் நுனியில் நடந்தது. பலகைத் தரை. மேலே ஈ நடந்தால் கீழே ரோசம்மா தலையைத் தூக்குவாள். கண்ணன் அழ வாயைத் திறந்தால் ராணி ஓடிப்போய் அதில் ரொட்டியை வைப்பாள்.

நான் பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டினேன். நம் ஊர்ப் பழக்கம், விட முடியுமா? ஒரு தகரத் தொட்டி, கரி அடுப்பில் வெந்நீர். ரோசம்மா ஒருநாள் படியில் ராணியை நிறுத்தி என்னவோ கேட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளிலேயே அந்த பாஷையில் என்னைத் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தது.

"என்னடி கேக்குறாங்க?"

"நாங்க என்ன உப்புக் கருவாடான்னு கேக்குறாங்கம்மா. தெனம் தண்ணியில ஊற வைக்கறீங்களாம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இப்படிப் பேசத் தெரிந்தவள் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று யோசித்தேன்.

துணி காய்ந்த கதை ஒன்று. முதல் குளிரில் துவைத்த துணியைப் பின்பக்கக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால், வீட்டுக்காரருடைய சட்டை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. கால்சட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன், சாய்ந்தே நின்றது. "உங்களவிட உங்க கால்சட்டை நல்லா நிமுந்து நிக்குது" என்றேன். அன்று அவர் என்னோடு பேசவில்லை.

வருஷப் பிறப்பு அன்று தெருவே ஒருவர் கன்னத்தை ஒருவர் முத்தமிட்டது. மூக்கு உரசும் தூரத்தில் வாழ்த்துச் சொன்னால்தான் அவர்களுக்கு வாழ்த்து. எங்கள் வீட்டுக்காரர் படிக்குக் கீழே ஒளிந்துகொண்டார். ரொட்டிக்கடைக்காரர் மனைவி தேடிக் கண்டுபிடித்து இரண்டு கன்னத்திலும் வைத்தாள். அவர் துடைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரொட்டி என்றதும் இன்னொன்று. ரோசம்மா கரி வாளியைக் கேட்க மேலே வரும்போதெல்லாம் எங்கள் மேசையை ஒரு பார்வை பார்ப்பாள். ரொட்டி கவிழ்ந்து கிடந்தால் ஒன்றும் பேசாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டு ரொட்டி, நான் எப்படிப் போட்டால் இவளுக்கென்ன? பிறகு என் மாமியார் ஞாபகத்துக்கு வந்தார். துடைப்பம் நின்றுகொண்டிருந்தால் அவர் போகிற போக்கில் அதைப் படுக்க வைப்பார். அதே கை, அதே வேகம். ஓகோ, இவளும் சகுனம் பார்க்கிற நம்ம ஆள்தானோ என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் சந்தேகத்தை நம்பி வாடகை வீட்டில் இருக்க முடியுமா?

அதனால் மீனாச்சி கொடுத்த சாம்பிராணியை நான் தொடவே இல்லை. வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பொக கிகன்னு எதையும் ஆரம்பிச்சிராத." பெட்டியின் அடியில் பாத்தேக் துணிக்குள் அது தூங்கியது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மீனாச்சி வாசனை மட்டும் எழுந்து வந்து, "ஜங்ஙான் லுப்பா" என்னும்.

வேறு வழி தெரியவில்லை

குளிர் ஏறியது. கண்ணனுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. பால் குடிக்க வாயை வைப்பான், மூச்சு விட வராது, விட்டுவிட்டு அழுவான். துரை அனுப்பிய டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். நல்ல மனுஷன், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட்டார். மருந்து உள்ளே போனது, சளி வெளியே வரவில்லை. பிள்ளை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை காலையில் ரோசம்மா சாமான் வாங்கப் பசாருக்குப் போவாள். கூடையோடு போய், தெருவில் எல்லோரிடமும் நின்று பேசிவிட்டு மெதுவாக வருவாள். வீட்டுக்காரர் துரை வீட்டு அடுப்பில் இருப்பார். அதற்குள் எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, புகை போட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு எனக்கு எப்போதும் வராது என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

கூடை இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் ரோசம்மா துணி போட்டு வைக்கும் கூடை இருந்தது. துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் கூடையை மேலே கொண்டுவந்தேன். பேத்தி இந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். இரவல் வாங்கினேன் என்று எழுதடி.

நான் மறந்தது ஒன்றுதான். காஜா பேராங்கில் நம் வீடு பலகை வீடு. புகை போட்டால் ஆயிரம் இடுக்கு வழியாகப் போய்விடும், யாரும் கவனிக்கமாட்டார்கள், கவனித்தாலும் பிள்ளை குளித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஊரில் வீடென்றால் மூடி போட்ட டப்பா. அறை முழுவதும் ஒரு நிமிஷத்தில் மூட்டமாகிவிட்டது. ராணி இருமினாள். ஜன்னலைத் திறந்தேன். உள்ளே இருந்த மூட்டம் மொத்தமும் ஒரே வாயாகத் தெருவுக்குப் பாய்ந்தது.

பசார் நாள். தெரு நிறைய ஆட்கள். முதலில் ஒருவன் கத்தினான். பிறகு எல்லோரும் கத்தினார்கள். ரோசம்மா தன் வீட்டு மாடியிலிருந்து புகை வருவதைத் தெருமுனையிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

வாளி

இப்போது வாளிக்கு வாருங்கள்.

ஒரே எட்டில் வந்தாள். ஒரு கையால் கண்ணனை அள்ளினாள், மறு கையால் வாளியைக் கவிழ்த்தாள். சுர்ர்ரென்று ஒரு சத்தம். அறையெல்லாம் ஆவி. தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி அவள் வீட்டுக்குள்ளேயே சொட்டியது, கீழே டப் டப்பென்று கேட்டது. கூடையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போய் ஓட்டை.

கண்ணன் அவள் தோளில் கிடந்தபடி ஒரு தும்மல் போட்டான். சின்னத் தும்மல் இல்லை. எத்தனையோ நாளாக உள்ளே உட்கார்ந்திருந்ததெல்லாம் ரோசம்மாவின் கறுப்பு கவுன் மேல் வந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு மூச்சை நன்றாக இழுத்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். சட்டையெல்லாம் அடியில், சேலை மேலே.

யாரோ துரை வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் மாவுக் கையோடு படியேறி வந்தார். "அஞ்சல! பிள்ளைங்க?" என்று கத்திக்கொண்டே வந்தவர், பிள்ளைகளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"சொன்னேனா இல்லையா? ஒரு குளிர்காலம். ஒரே ஒரு குளிர்காலம் பொறுத்துக்க முடியலியா உன்னால?"

"பிள்ள மூச்சு விட முடியாமத் தவிச்சா நான் எத்தன குளிர்காலம் பொறுக்கறது?"

ரோசம்மா எங்கள் சண்டையைக் கவனிக்கவில்லை. கண்ணனுடைய தலையில் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து, ராணியிடம் என்னவோ கேட்டாள்.

"அம்மா, இது என்னன்னு கேக்குறாங்க."

"சாம்பிராணின்னு சொல்லு."

"அதுக்கு அவங்க பாஷையில என்னம்மா?"

"எனக்கு என்னடி தெரியும்? கோயில்ல சாமிக்குப் போடறது, பிள்ளைக்கும் போடுவோம்னு சொல்லு."

ராணி சொன்னாள். ரோசம்மா தலையை ஆட்டினாள். மறுபடி பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்தாள். மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

ராணிக்கே ஆச்சரியம். "தம்பி தலையில ஞாயித்துக்கெழம வாசன அடிக்குதாம்."

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் புரிந்தது. "மாதா கோயில்ல இதத்தான் போடுவாங்க" என்றார். குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

கீழே சத்தம் அடங்கவில்லை. ஒருவன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டான். ரோசம்மா எழுந்தாள். கண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டினாள். ஒரே ஒரு வரி சொன்னாள். தெரு கப்பென்று அடங்கியது. ஏணிக்காரன் தொப்பியைக் கழற்றினான். கழற்றிவிட்டு, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் திரும்ப மாட்டிக்கொண்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ராணி போர்வைக்குள் விழுந்து விழுந்து சிரித்தாள். "'மேல பூச நடக்குது, சத்தம் போடாதீங்க'ன்னு சொல்லிட்டாங்கம்மா!"

குறை சொல்ல வந்த தெருவை, குறை கேட்க வேண்டியவளே துரத்திவிட்டாள். பிறகு திரும்பி, தரையில் தேங்கிய தண்ணீரைக் காட்டினாள். என்னைக் காட்டவில்லை, வீட்டுக்காரரைக் காட்டி, மூலையில் இருந்த துணியைக் காட்டினாள். அவர் குனிந்து தரையைத் துடைத்தார். கல்யாணமாகி முதல் தடவையாக நான் அதைப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்த நாடு பிடித்துப்போனது.

தலையை விரித்தவள்

ஆனாலும் பயம் போகவில்லை. அன்றைக்கு ஏதோ மனசு இளகிச் சொல்லிவிட்டாள், கூடை ஓட்டையைப் பார்த்தால் கோபம் திரும்பும் என்று நினைத்தேன். கூடையைப் பழைய இடத்தில் வைத்து, ஓட்டை தெரியாமல் துணியைப் போட்டு நிரப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை படியில் காலடிச் சத்தம். கதவைத் திறந்தால் ரோசம்மா. கையில் அதே கூடை, காலி. ஓட்டை வழியாக அவளுடைய விரல் தெரிந்தது. சரி, முடிந்தது, கப்பல்தான் என்று நான் வீட்டுக்காரருடைய பெட்டியைப் பார்த்தேன்.

அவள் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். ஈரத் தலை. குளித்துவிட்டு வந்திருக்கிறாள். நரைத்த முடி, இடுப்பு வரை விழுந்தது. அத்தனை முடியை அந்தக் கறுப்புக் கவுன்காரி எங்கே சுருட்டி வைத்திருந்தாளோ. கூடையைத் தானே கவிழ்த்து வைத்து, அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

தணல் எடுத்தேன். சாம்பிராணி போட்டேன். அவளைக் கூடைக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்து, முடியைக் கூடை மேல் பரப்பி, விரலால் சிக்கெடுத்தேன். புகை ஓட்டை வழியாகத் தாராளமாக வந்தது. நல்ல ஓட்டை.

அவள் கண்ணை மூடியபடி எதையோ சொன்னாள். ராணி அன்றைக்கும் வீட்டில் இருந்தாள், சளி போகவில்லை என்று பொய் சொல்லிவிட்டு.

"அவங்க தலைய யாரும் தொட்டு ரொம்ப வருஷம் ஆச்சாம்மா."

எனக்குக் கண் எரிந்தது. புகைதான்.

அதற்கப்புறம் ரொட்டிக்கடைக்காரர் மனைவி மூக்கடைத்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்துவிட்டு இன்னொருத்தி வந்தாள். ரோசம்மாதான் படியில் நின்று யார் முதலில் என்று அதட்டுவாள். மீனாச்சி கொடுத்த கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. இது எங்கிருந்து வந்தது என்று ரோசம்மா கேட்டாள். என் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாள் என்று சொல்லச் சொன்னேன்.

குளிர்காலம் முடிந்தது. கூரையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கெடு முடிகிற நாள். ரோசம்மா மாடிக்கு வந்தாள். நானும் அவரும் அடுப்போரமாக ஒட்டி நின்றோம். அவள் மேசையைப் பார்த்தாள். ரொட்டி நேராக இருந்தது, நான் கவனமாக இருந்தேன். பிறகு பின் ஜன்னலைத் திறந்து, கீழே தன் தோட்டத்தில் ஒரு பாதியைக் கையால் கோடு போட்டுக் காட்டி, ராணியிடம் ஏதோ கேட்டாள்.

"அந்தப் பக்கம் ஒங்களுக்காம். நீங்க என்ன நடப்போறீங்கன்னு கேக்குறாங்கம்மா."

வீட்டுக்காரர் முகத்தை அடுப்பு பக்கம் திருப்பிக்கொண்டார். நான்தான் பதில் சொன்னேன். "மொளகான்னு சொல்லுடி."

மிளகாய் காய்க்கவில்லை. பீன்ஸ் காய்த்தது. கண்ணன் முதன்முதலாகக் கையை விட்டு நடந்தது அந்தப் பாத்திக்கு நடுவில்தான், ரோசம்மாவை நோக்கி.

பக்கத்து வீடு

சில வருஷம் இருந்தோம். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. அதே சமயம் மலாக்காவில் ஒரு கிளப்பில் சமையல் வேலைக்கும் ஆள் தேடினார்கள். புறப்பட்டோம்.

ரோசம்மா ரயிலடிக்கு வரவில்லை. வாசலிலேயே நின்றாள். காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்து, கையையும் சேர்த்து மூடினாள். மாதா கோயில் சாமியாரிடம் கேட்டு வாங்கியதாம். எனக்கு இல்லையாம், என் பக்கத்து வீட்டுக்காரிக்காம். இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். நானும் துடைக்கவில்லை.

காஜா பேராங் வந்து இறங்கியதும் தெருவே கூடியது. சட்டை தானாக நிற்கும் என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்றேன், அதையும் நம்பவில்லை. ரொட்டிக்கடைக்காரி என் புருஷனை முத்தமிட்டாள் என்றேன், அதை உடனே நம்பினார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும் அஞ்சல" என்றாள் சரோஜா. "வெள்ளக்காரி வீட்டு மாடியில பயந்து பயந்துதான இருந்திருப்ப? பாவம்."

பொட்டலத்தை மீனாச்சியிடம் கொடுத்தேன். எல்லாக் கதையும் அவளிடம் மட்டும் மலாயில் சொன்னேன். அவள் முகர்ந்து பார்த்து, "நம்ம கெமெஞான்தான், கொஞ்சம் குளிர் பட்டிருக்கு" என்று சிரித்தாள். மலாயில் சாம்பிராணிக்கு அதுதான் பேர். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் தங்கள் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். வாழையிலையில் சோறும் பலகாரமும் வைத்து, தணலில் ரோசம்மாவின் பொட்டலத்திலிருந்து ஒரு கை எடுத்துப் போட்டாள்.

புகை எழுந்து, வேலியைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போனது. சரோஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து நின்றாள்.

"என்ன அஞ்சல, சாம்பிராணி புதுசா இருக்கு? எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில இல்ல. பக்கத்து வீட்டுக்காரம்மா குடுத்தது."

சரோஜா மீனாச்சி வீட்டைப் பார்த்தாள். "மீனாச்சியா?"

"இல்ல. இந்தப் பக்கம்."

திரும்பி எங்கள் வீட்டுக்கு மறுபக்கம் பார்த்தாள். "இந்தப் பக்கம் வெறும் வாழத்தோப்பு தான இருக்கு?"

"அதுக்கும் அந்தப் பக்கம்" என்றேன்.